ஷைலா ப்ளூ

செடி அனுப்புறதுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது. ஏதோ நாள் நட்சத்திரம் பாத்துச் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க, எங்க ஆளுகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விசேசமே. வெள்ளிக்கிழமை போட்ட பெட்டி சனிக்கிழமை மதுரையில போயி எறங்கும். ஞாயித்துக்கிழமை கோடவுனைப் பூட்டிட்டு அவனவன் வீட்டுக்குப் போயிருவான். உள்ள கெடக்குற செடி காத்தில்லாம வெந்து போகும். சாக்லேட்டு, தைலம், கம்பளின்னா எம்புட்டு நாள் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. செடி அப்படியா? அது உசுரு. திங்கக்கிழமை வெள்ளனே கொண்டாந்து போட்டாத்தான் போற ஊர்ல அது கண்ணு முழிக்கும்.

பெருமாள்மலை முக்குல கொரியர் புக்கிங் நம்ம கடைதான். பாதிக் கடையில எங்க வீட்டுக்காரரு நசுருதீன் பாய் டீ போடுறாரு. பாதிக் கடையில நான் தராசு, டேப்பு, ஸ்கெட்ச் பேனாவோட உக்காந்திருக்கேன். கிளாவரை கேரட்டு, போளூர் உருளைக்கிழங்குன்னு ஏத்திக்கிட்டு வர்ற வண்டியெல்லாம் எங்க வாசல்ல நின்னு ஒரு டீயக் குடிச்சுட்டுத்தான் கீழ எறங்கும். "ஹமீதுன்னிசா வாயத் தொறந்தா வத்தலக்குண்டு வரைக்கும் கேக்கும்"னு டிரைவருங்க கேலி பண்ணுவாங்க. கேக்கட்டுமே, எனக்கென்ன. வாயுள்ள பிள்ளைதான் பொழைக்கும்.

கொரோனாவுக்கு அப்புறம் கீழ இருக்குற சனத்துக்குப் பூராம் செடிப் பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. போன்ல படத்தைப் பாக்குறது, உடனே அனுப்புங்கங்குறது. இங்க வேலிக்கு வேலி சீந்துவாரில்லாம கெடக்குற ஜெரேனியத்துக்கு அங்க அம்புட்டு மவுசு. அதுல எங்க பக்கத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு பொழைச்சுக்கிட்டாங்க. அவங்கள்ல ஒருத்திதான் ஜோசப்பின். அவ கட்டுன பெட்டிய நான் பிரிச்சே பாக்க மாட்டேன், கண்ண மூடிக்கிட்டு வாங்கிருவேன். தேங்கா நார்த்தூளை நனைச்சு, புழிஞ்சு, வேரைச் சுத்திக் கட்டி, அட்டையில குச்சி கொடுத்து, தலைகீழாக் கவுத்துனாலும் ஒரு எலை அசையாது. தொட்டில்ல கெடக்குற பிள்ளைக்குத் துணி சுத்துற மாதிரி சுத்துவா. அவ வீட்டுக்காரரு மரியசூசை கொடைக்கானல்ல ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல சமையல்காரரு. வாரம் பூரா அங்கதான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு எறங்கி வருவாரு.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஷைலான்னு. ஒன்பது வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு, ஒரே வாரம், போயிருச்சு. ஏழு வருசம் ஆச்சு. நல்ல சூட்டிகையான பிள்ளை. எங்க கடைக்கு வந்தா பேசாம இருக்காது. தராசுல ஏறி உக்காந்துக்கிட்டு, "பெரியம்மா, என்னைய நிறுங்க, என்னைய எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?"ன்னு கேக்கும். "எறங்குடி, தராசு ஒடஞ்சுரும்"னு வெரட்டுவேன்.

அதனாலதான் போன வருசம் ஒரு நா ஜோசப்பின் நாலு பெட்டியக் கொண்டாந்து வச்சுட்டு, "அக்கா, பெட்டி மேல செடிப் பேரு ஷைலா ப்ளூன்னு எழுதுங்க"ன்னு சொன்னப்ப எனக்குக் கையி ஓடல.

"என்ன செடிடி இது?"

"ஹைட்ராஞ்சியாக்கா. நீலம்."

"நீலம்னே எழுதுவோமே. அந்தப் பேரு எதுக்கு?"

"அந்தப் பேர்லதான் எல்லாரும் கேக்குறாங்கக்கா. எழுதுங்க."

எழுதுனேன். பெத்தவ ஆசைப்படுறா, பிள்ளை பேரை ஒரு செடிக்கு வச்சா என்ன குத்தம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வாராவாரம் அந்தப் பெட்டி வந்துச்சு. கரூரு, விருதுநகரு, கோயம்புத்தூரு, மெட்ராஸுன்னு ஷைலா போகாத ஊரு இல்ல. அவ கேட்ட வெலை அட்டைக்கும் டேப்புக்குமே சரியாப் போச்சு. "ஏண்டி, கிறுக்கியா நீ?"ன்னு திட்டுனேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டா.

ஆனா ஒண்ணு. பொட்டலம் போட்டுட்டு அவ வீட்டுக்குப் போக மாட்டா. எங்க பெஞ்சுல உக்காந்து போனை நோண்டிக்கிட்டே இருப்பா. வாங்குனவங்க வாய்ஸ் அனுப்புவாங்க. அதைப் போட்டுப் போட்டுக் கேப்பா. "மேடம், ஷைலா பத்திரமா வந்துட்டா." "ஷைலா புது எலை விட்டிருக்கா, பாருங்க." "ரெண்டு நாளா ஷைலா மொகம் வாடிக் கெடக்கா, என்ன செய்யட்டும்?" இவ உடனே போனை வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு, "அவளுக்கு உச்சி வெயில் ஆகாதுங்க. உள்ள எடுத்து வச்சுருங்க. சாயங்காலமாத் தண்ணி கொடுங்க. நாலு வார்த்தை பேசுங்க அவகிட்ட, சரியாயிருவா"ன்னு சொல்லுவா. அப்ப அவ மொகத்தைப் பாக்கணுமே. பிள்ளைய வெளியூர்ல ஹாஸ்டல்ல விட்டுட்டு வார்டன்கிட்டப் பேசுற தாயி மாதிரியே இருக்கும்.

எனக்கு அது சரியாப் படல. சொல்லப்போனா பயமா இருந்துச்சு. மேகம் எறங்கி ரோடே தெரியாமக் கெடக்குற மத்தியானத்துல, கடையில யாரும் இல்லாதப்ப, மூலையில அந்தப் பெட்டிங்க இருக்கும். உள்ள எலை ஒண்ணோடொண்ணு ஒரசி லேசா சத்தம் கேக்கும். ஒவ்வொரு பெட்டியிலயும் என் கையெழுத்துல அந்தப் பிள்ளை பேரு. அது மேல வேற பெட்டிய அடுக்க மனசு வராது. "செடி மூச்சு விடுது, வேற என்ன?"ன்னு எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு. செடி மூச்சு விட்டா எனக்கு ஏன் முதுகு சில்லுங்குது?

இந்த வருசம் புரட்டாசி மாசம், ஒரு திங்கக்கிழமை. ஜோசப்பினுக்குக் கால் பெரண்டு கெடந்துச்சு. சூசைண்ணன் அன்னைக்கு லீவு போட்டிருந்தாரு. பெட்டியத் தூக்கிக்கிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பணும்னு அவ போனையும் வாங்கிக்கிட்டு அவரு வந்தாரு. நல்ல மனுசன். அதிர்ந்து பேச மாட்டாரு. பாய் ஒரு டீயக் கொடுத்தாரு. குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே போன் அடிச்சுச்சு. எடுத்தாரு. ஸ்பீக்கர்ல கெடந்துச்சு.

"ஹலோ, கொடைக்கானல் செடிக்காரங்களா? கரூர்ல இருந்து பேசுறேங்க. ஷைலா செத்துப்போச்சுங்க."

டீ கிளாஸு வாய்க்கிட்டயே நின்னுருச்சு.

"கேக்குதுங்களா? ஷைலா செத்துப்போச்சு. வந்தப்பவே வாட்டமாத்தான் இருந்துச்சு. நானும் நெழல்ல வச்சு என்னென்னமோ செஞ்சு பாத்தேன், பொழைக்கல. வேற ஒண்ணு அனுப்புவீங்களா?"

"எந்த ஷைலா?"ன்னாரு. அந்தக் குரல்ல அவரு பேசி நான் கேட்டதே இல்ல.

"அதாங்க, நீலப் பூவு. படம் போட்டிருக்கீங்கள்ல, பக்கத்துல வெள்ளையா ஒரு சிலுவை தெரியுமே, அந்தச் செடி. கோயில் தோட்டமுங்களா அது?"

அவரு போனை அணைக்கல. அப்படியே எங்கிட்ட நீட்டிட்டாரு. நான்தான் என்னமோ சொல்லிக் கட் பண்ணுனேன். அவரு கொண்டாந்த பெட்டிய ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தாரு. நான் அப்பத்தான் பேரு எழுதி முடிச்சிருந்தேன், மை காயல.

"பாயம்மா, இதெல்லாம் எம் பிள்ளை கல்லறையில இருந்து வெட்டுனதா?"

"அல்லா சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே! வீட்டுச் செடின்னுதான் நெனச்சேன்."

"வீட்டுல ஏது? அவ கல்லறையில மட்டுந்தான் நட்டோம். அடக்கம் பண்ணுன மறுமாசம் நானே குழி தோண்டுனேன்."

அம்புட்டுத்தான் சொன்னாரு. பெட்டியப் பூராம் நெஞ்சோட அணைச்சுத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டுனாரு. நான் என்னமோ வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறாருன்னு பாத்தா, தடுப்புச் சொவத்துக்கிட்ட நின்னு ஒவ்வொண்ணாப் பள்ளத்துல வீசிட்டாரு. "ஏண்ணே, ஏண்ணே!"ன்னு நான் கத்துறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு. நேரா மேல் ரோட்டுல கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துட்டாரு.

திரும்பி வந்தப்ப மழையில தொப்பமா நனைஞ்சிருந்தாரு. பாய் துண்டு கொடுத்தாரு, வாங்கல.

"மொட்டையடிச்சு வச்சிருக்கா, பாய். குச்சி குச்சியா நிக்குது. எனக்கு அங்க போக நெஞ்சு தாங்காது. நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு மட்டும் போவேன். அன்னைக்கு அவ நீலமாப் பூத்துக் கெடப்பா. அதைப் பாத்துட்டு வந்து ஒரு வருசத்த ஓட்டிருவேன். இவ அவளை வெட்டி வெட்டிப் பெட்டியில அடைச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டா."

"சூசை, ஆத்திரப்படாதீங்க. செடிதானே, தழையும்,"னாரு பாய்.

"தழையட்டும். கல்லறைத் திருநாளுக்குள்ள அந்தச் செடி அந்த எடத்துல நிக்கணும். நின்னா நான் வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா எனக்கு வீடும் வேணாம், அவளும் வேணாம். சொல்லிருங்க பாயம்மா."

மேல போற பஸ்ஸுல ஏறிட்டாரு. அதுக்கப்புறம் சனிக்கிழமை ஆனாலும் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல.

மறுநாள் ஜோசப்பின் காலை இழுத்துக்கிட்டு வந்தா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. எங்க ஆளுகளும் கபர்ல பச்சையா ஒரு கொப்பை நட்டு வைப்போம். அது பச்சையா இருக்குற வரைக்கும் இறைவனைத் துதிச்சுக்கிட்டே இருக்கும், உள்ள கெடக்குறவங்களுக்கு லேசா இருக்கும்னு சொல்லுவாங்க. அதுல போயி ஒருத்தரும் கை வைக்க மாட்டோம். முந்தின நாளே கடையப் பூராம் கழுவி விட்டு சாம்பிராணி போட்டிருந்தேன்.

"உனக்குப் புத்தி எங்கடி போச்சு? பிள்ளை தலைமாட்டுல நிக்குறத வெட்டி விக்க எப்படிடி மனசு வந்துச்சு?"

அவ பெஞ்சுல உக்காந்தா. அழல.

"மொதல்ல நான் விக்கலக்கா. ஒரு நா கல்லறையைக் கூட்டிக்கிட்டு இருந்தேன். டூரிஸ்ட்டு, கேரளாக்காரப் பொண்ணு ஒருத்தி காம்பவுண்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, இந்த நீலத்த நான் எங்கயுமே பாத்ததில்ல, ஒரு குச்சி கெடைக்குமான்னு கேட்டா. ஒடிச்சுக் கொடுத்தேன். பேரு என்னன்னா. செடிப் பேரைத்தான் கேட்டா. எனக்கு வாயில ஷைலான்னு வந்துருச்சு. நம்பரை வாங்கிக்கிட்டுப் போயிட்டா. பெறகு ஒரு நா போட்டோ போட்டா. ஷைலா நல்லா இருக்கான்னு எழுதியிருந்தா."

"அதுக்கு?"

"இத்தனை வருசமா எம் பிள்ளையப் பத்தி யாராச்சும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களாக்கா? நீங்களே சொல்லுங்க. பாவம்னாங்க, குடுத்து வைக்கலன்னாங்க, ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாருன்னாங்க. நல்லா இருக்கான்னு ஒருத்தி சொன்னா. அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்குனேன். அப்புறம் இன்னொரு தடவை அதைக் கேக்கணும்போல இருந்துச்சு. இன்னொரு ஊர்ல இருந்து கேக்கணும்போல இருந்துச்சு."

எனக்கு இருந்த கோவம் எங்க போச்சுன்னு தெரியல.

"சரி, விடு. வீட்டுல தொட்டியில ரெண்டு மூணு வச்சிருப்பேல்ல? அதைக் கொண்டு போயி நட்டு விடு. அண்ணன் வந்துருவாரு."

"வீட்டுல ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுகூடவா?"

"கல்லறையில இருந்து ஒரு துரும்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு எங்க ஆளுக சொல்லுவாங்க. செருப்பைக்கூட ஒதறிட்டுத்தான் ஏறுவோம். அதுனால அங்கயே சொவரு ஓரத்துல பால் பாக்கெட்டுல வேர் விட வச்சு, அங்கயே பெட்டி கட்டி, நேரா இங்க கொண்டாந்துருவேன். எங்க வீட்டு வாசப்படிய அது தாண்டுனதே இல்ல. கால் பெரண்ட அன்னைக்குக்கூட பெட்டிய வாசலுக்கு வெளியவேதான் வச்சேன்."

"அடி கூறுகெட்டவளே! வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னவங்க, ஊரான் வீட்டுக்கெல்லாம் அனுப்பலாம்னா சொன்னாங்க?"

அப்பத்தான் அவ அழுதா. அழுதா அழுதா, அப்படி அழுதா. பாய் டீ ஆத்துறத நிறுத்திட்டு உள்ள போயிட்டாரு.

கடைசியா வேர் விட்டதுங்க அந்தத் திங்கக்கிழமைப் பெட்டியிலதான் இருந்துச்சு. அது பள்ளத்துல போயிருச்சு. மிச்சம் கல்லறையில நின்ன தாய்ச் செடி மட்டுந்தான். அவ தெனமும் போயிக் காவல் காத்தா. ஆனா மழை விட்டாத்தானே. இந்த வருசம் ஐப்பசி மழை, பெய்யுது பெய்யுது, ஓயல. ஈரத்துணி காயாம வீடே நாறுது. தட்டப்பாறை மாதிரி இருந்த ரோடெல்லாம் பாசி பிடிச்சுப் போச்சு. மேல ஒரு எலைகூட இல்லாத செடி, வெட்டுன வாயில தண்ணி எறங்கி அழுகிருச்சு. நானும் ஒரு நா அவகூடப் போயிருந்தேன். ஜோசப்பின் அடி மூட்டுல கைய வச்சா, கூழா கையோட வந்துருச்சு. அவ அந்தக் கறுப்புக் கூழைக் கையில வச்சுக்கிட்டே நின்னா. கீழ போடவும் மனசில்ல, வச்சுக்கவும் முடியல.

"அக்கா, எவளாச்சும் ஒருத்தி வீட்டுல இருப்பா. ஊரெல்லாம் அனுப்பியிருக்கேன்ல. ஒரு கொப்பு திருப்பிக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

மறுநாளே எங்க கடையில உக்காந்து போன் போட ஆரம்பிச்சா. தனியாப் போடப் பயமா இருக்கு, கூட இருங்கக்கான்னா. சோலி கெடந்தா கெடக்குதுன்னு நானும் உக்காந்தேன்.

அந்த ரெண்டு நாள நான் மவுத்தாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். விருதுநகர்க்காரரு எடுத்தாரு. "ஷைலாவா? அது கருகி ஆறு மாசம் ஆச்சும்மா." மெட்ராஸுப் பொம்பளை, "வெள்ளத்துல தொட்டியோட போச்சுங்க." கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு, "நாங்க ஊருக்குப் போயிருந்தோம் ஆன்ட்டி, தண்ணி ஊத்த ஆளில்ல, செத்துப்போச்சு, சாரி ஆன்ட்டி." திண்டுக்கல்லுல ஒருத்தரு, "ஆடு தின்னுருச்சுங்க"ன்னாரு. அந்தக் கேரளாக்காரி நம்பரு இப்ப வேற எவனுக்கோ போயிருச்சு. கரூர்ச் செடி கதைதான் நமக்கே தெரியும்.

ஒவ்வொருத்தரும் சொல்றதுக்கு முன்னாடி இவ கேப்பா, "ஷைலா எப்படி இருக்கா?" அந்தப் பக்கம் ஒரு நிமிசம் யோசிப்பாங்க. அப்புறம் சொல்லுவாங்க. ஒரு தாயி ஒரு தடவை கேட்டாலே தாங்க முடியாத சேதிய இவ ஊர் ஊராக் கூப்பிட்டுக் கேக்குறா. "போதும்டி, நிறுத்து"ன்னு போனைப் புடுங்குனேன். "இன்னும் மூணு பேரு இருக்காங்கக்கா"ன்னு திருப்பி வாங்கிக்கிட்டா.

செங்கோட்டை நம்பரை ரெண்டு நாளாப் போட்டும் எடுக்கல. மூணாவது நாள் எடுத்தாங்க. சிவபாக்கியம்னு ஒரு அம்மா, அங்கன்வாடியில சமைக்கிறவங்க.

"யாரு? கொடைக்கானலா? சொல்லுங்கம்மா."

"ஷைலா... ஷைலா எப்படி இருக்கா?"

"அவளுக்கு என்ன? நல்லா இருக்கா. நேத்துகூட ஒரு கொத்து பூத்திருக்கு. தண்ணித் தொட்டி ஓரமா நிக்கா. நான் வெள்ளன எந்திரிச்சு மூஞ்சி கழுவுறதே அவகிட்டதான். என்னத்துக்குக் கேக்கிய?"

ஜோசப்பின் போனை எங்கிட்டக் கொடுத்துட்டு மொகத்த மூடிக்கிட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன். பிள்ளை செத்தது, கல்லறை, வெட்டுனது, அழுகுனது, வீட்டுக்காரரு வராதது, ஒண்ணு விடாம. எனக்கு மூடி மறைச்சுப் பேசத் தெரியாது.

"இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைதான் எங்கிட்ட இருந்திருக்கா?"ன்னாங்க. "எனக்கும் யாருமில்ல தாயி. ஏதோ பேச்சுத் துணைன்னு வச்சிருந்தேன். சரி, பெத்தவ கேக்கா. கொப்பு கிப்பு ஒடிச்சுப் போட்டா பொழைக்குமோ என்னமோ. வேரோட அனுப்புதேன். எனக்கு ஒரே ஒரு கொப்பு மட்டும் ஒடிச்சு வச்சுக்கிடட்டுமா? பெத்தவகிட்டக் கேட்டுச் சொல்லு."

ஜோசப்பின் தலைய ஆட்டுனா. ஆட்டிக்கிட்டே இருந்தா.

"ஒண்ணு சொல்லிப்புடுதேன். நீங்க படத்துல போட்ட நீலம் இல்ல இது. இங்க சுண்ணாம்புச் சொவரு ஓரத்துல நின்னு நின்னு ரோஸாப் போச்சு. மொதல்ல ஏமாத்திட்டாளேன்னு ஏசுனேன். பெறகு இதுவும் அழகாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

திங்கக்கிழமை பஸ்ஸுல போட்டுவிட்டாங்க. மதுரையில மாத்தி, வத்தலக்குண்டுல மாத்தி, பால் வண்டியில எங்க கடைக்கு வந்து சேர்ந்துச்சு. எங்க கடையில இருந்து போன பெட்டிக்குக் கணக்கே இல்ல. போன ஒண்ணு திரும்பி மலையேறி வந்தது அது ஒண்ணுதான். பழைய பெயிண்ட் டப்பா, செம்மண்ணு, அதைச் சுத்தி ஈரச் சேலைத்துணி. மேல சோளத் தட்டையில கூண்டு மாதிரி கட்டியிருந்தாங்க. பிரிச்சோம். ஒரு எலை ஒடியல. ஒரே ஒரு பூங்கொத்து, நல்ல ரோஸு, குழந்தை கன்னம் மாதிரி.

ஜோசப்பின் அதைத் தொடல. "வந்துட்டியா?"ன்னு மட்டும் கேட்டா. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பதில் வந்துருமோன்னு நெசமாவே பயந்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளு. நான்தான் ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, "அண்ணே, செடி வந்துருக்கு. வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா போயிருங்க"ன்னு சொன்னேன். மத்தியானமா வந்தாரு. ஆளே பாதியாயிட்டாரு. முழங்கை வரைக்கும் முள்ளு கிழிச்ச காயம், பாதி ஆறுனதும் ஆறாததுமா.

"என்னண்ணே இது?"

பாய்தான் சொன்னாரு. "சனிக்கிழமை சனிக்கிழமை அந்தப் பள்ளத்துல எறங்கித் தேடிக்கிட்டு இருந்தாரு. நான் பாத்தேன். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"அட்டை கெடைச்சுது, பாயம்மா," சூசைண்ணன் தலையத் தூக்காமச் சொன்னாரு. "நீங்க எழுதுன பேரு மழையில கரைஞ்சு பாதி தெரிஞ்சுச்சு. செடி கெடைக்கல. நான்தானே வீசுனேன். அவ வெட்டுனா, நான் வீசுனேன்."

ஜோசப்பின் டப்பாவ அவரு பக்கம் நகத்தி வச்சா. அவரு குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இது நீலமில்லையே."

"இல்ல. ரோஸு."

"நம்ம பிள்ளை நீலமால்ல பூத்தா."

"ஒன்பது வயசுல நீலம்," ஜோசப்பின் சொன்னா. "இப்ப இருந்தா பதினாறு. அப்படியேவா இருப்பா? ரெட்டைச் சடை போட மாட்டேன்னு முடிய வெட்டியிருப்பா. நீங்க வாங்குன கலர்ல சட்டை போட மாட்டேம்பா. எங்கிட்டச் சண்டை போட்டுட்டு எங்கயாச்சும் வெளியூர்ல படிக்கப் போயிருப்பா. திரும்பி வரும்போது வேற மாதிரிதான் வந்திருப்பா. அதுக்காக நம்ம பிள்ளை இல்லேன்னு சொல்லிருவீங்களா?"

அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சதைக்கூட பாய் கவனிக்கல. வெளிய மேகம் எறங்கி எதுத்த கடை போர்டு மறைஞ்சு போச்சு.

சூசைண்ணன் ஒரு வெரலால அந்த எலையத் தொட்டாரு. மேல ஒட்டியிருந்த மண்ணைத் தொடைச்சு விட்டாரு. அப்புறம் இன்னொரு எலை. "அழுக்கா இருக்கா,"ன்னாரு. அம்புட்டுத்தான். நான் அங்கிட்டுத் திரும்பிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

கொடைக்கானல் பஸ்ஸு வந்து நின்னுச்சு. அதுல ஏறுனா கல்லறைத் தோட்டத்து வாசல்லயே எறங்கலாம், நடந்தா மேல் ரோடு நல்ல ஏத்தம். ஜோசப்பின் டப்பாவத் தூக்கப் போனா. அவரு அவ கையத் தள்ளிட்டு தானே தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து செடி மேல போட்டு மூடுனாரு. வெரசாப் படிக்கட்டு வரைக்கும் போனவரு அங்கயே நின்னுட்டாரு.

"ஏறுங்க,"ன்னா ஜோசப்பின்.

"பஸ்ஸு வேணாம். நடந்தே போயிருவோம்."

"தூறுதுங்க. உங்களுக்கே மூச்சு வாங்கும்."

"இவளுக்கு வளைவு ஆகாது, மறந்துட்டியா? ரெண்டு வளைவு திரும்புறதுக்குள்ள வாந்தி எடுத்துருவா. செங்கோட்டையில இருந்து எம்புட்டு வளைவு திரும்பி வந்துருக்காளோ."

ஜோசப்பின் முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டா.

கண்டக்டரு படியில தொங்கிக்கிட்டே கத்துனாரு. "என்னண்ணே, ஏறுறீங்களா இல்லையா? யாருக்கு முடியல?"

"எம் மகளுக்கு,"ன்னாரு சூசைண்ணன்.

கண்டக்டரு குனிஞ்சு அவரு முதுகுக்குப் பின்னாடி, அந்த மேகத்துக்குள்ள, பிள்ளை எங்க நிக்குதுன்னு எட்டிப் பாத்தாரு. "சரிண்ணே, மழை நேரம், பாத்துக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு விசில் ஊதுனாரு.